தொட்டில் தலைமாட்டில் ஒரு சிறைக் கதை

கோகந்த் நகரில் சனோபரிடம் முடி வெட்டிக்கொள்ள உட்காருகிற பெண்கள், அந்தச் சிறைக் கதையிலிருந்து தப்பியதில்லை. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, தண்ணீர் தெளித்து, சீப்பை வைத்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

"அக்கா, நீங்க ஒரு புத்தகம் படிக்கணும். ஒரு ஆளு ஜெயில்ல இருக்கான்."

காதோரம் கத்தரி ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டாம் என்று தலையாட்ட முடியாது. அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள். முடி உலர்ந்து கிளம்பும்போது வாடிக்கையாளர் கையில் தலைக்குட்டையோடு புத்தகமும் இருக்கும்.

அந்தப் புத்தகம் அவளுக்குப் பொட்டலமாகத்தான் அறிமுகமானது. கல்யாணமான புதிதில் சந்தையில் சூரியகாந்தி விதை வாங்கிக் கொறித்துக்கொண்டே நடந்தாள். விதை தீர்ந்ததும் தாளைப் பிரித்துப் பார்த்தாள். எந்தத் தாளையும் ஒரு வரியாவது படிக்காமல் கீழே போட அவளுக்கு மனம் வராது. 'சிறை அதிகாரி காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சுவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினார். நேற்றைவிட ஒரு விரற்கடை வளர்ந்திருந்தன' என்றிருந்தது. அதற்கு மேல் எண்ணெய்க் கறை.

வந்த வழியே திரும்பி ஓடினாள். விதைக்காரர் மீதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த தாளைக் கிழிக்கப் போனார்.

"தாத்தா, கிழிக்காதீங்க! மீதிய எனக்குக் குடுத்திடுங்க."

"நான் விதை விக்கிறவன் மகளே. பேப்பர் விக்கிறவன் இல்ல."

"சரி, விதையவே வாங்கிக்கிறேன். இத்தன பக்கத்துக்கும் எவ்வளவு விதை ஆகும்?"

அவர் கொஞ்சம்கூட யோசிக்காமல் பக்கத்திலிருந்த சாக்கைக் காட்டினார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டில் எல்லோரும் விதை கொறித்தார்கள். கணவன் அக்ரமுக்கு இன்றைக்கும் சூரியகாந்திப் பூவைக் கண்டால் முகம் சுருங்கும்.

அட்டையும், தலைப்பும், எழுதியவர் பெயரும், முதல் அத்தியாயமும் அவளுக்கு முன்னால் விதை வாங்கியவர்களோடு போய்விட்டன. கைதி என்ன குற்றம் செய்தான் என்று யாருக்கும் தெரியாது. மீதமிருந்த பக்கங்களில் சிறைச் சுவர்கள் தர்ப்பூசணிக் கொடி மாதிரி வளர்ந்தன. சாவிகள் எல்லாம் உயிருள்ள மீன்கள். பெரிய கண்ணாடித் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும். அதிகாரி தினமும் கையை விட்டுச் சரியான மீனைப் பிடித்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். கைதியின் ஜன்னலில் நேற்றைய தெருதான் தெரியும். நேற்று பெய்த மழைக்கு அவன் இன்று குடை கேட்பான்.

சனோபர் அதைப் படித்துவிட்டு மூன்று நாள் சமையலில் உப்புப் போடவில்லை. அதன்பிறகு வந்ததுதான் வியாதி. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், இதை முழுக்கப் படித்துவிட்டு வந்து தன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவுதான். அது மட்டும் நடக்கவில்லை.

அக்ரம் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். இரண்டு பக்கம் படித்தான். "சுவத்துக்குத் தண்ணி ஊத்துறான்ங்கிறே. உள்ள ஒயர் போகுமே, ஷாக் அடிக்காதா?" என்று கேட்டுவிட்டுக் குறட்டை விட்டான். பள்ளித்தோழி ரொபியா ஒரு வருடம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள்.

"அருமையான புத்தகம்டி. கண்ணுல தண்ணி வந்திடுச்சு."

"எந்த எடத்துல?"

"எல்லா எடத்துலயும்தான்."

"முடிவு எப்படி?"

"முடிவுலதான்... அவன் வெளிய வந்திடுறானே, அந்த எடம்..."

"அவன் வெளியவே வரலடி."

"அதத்தான் சொல்றேன். வராம போனானே, அதுக்குத்தான் அழுதேன்."

இன்னொரு தோழி ஹுல்கர் நேர்மையானவள். வாங்கவே மறுத்துவிட்டாள். "ஜெயிலு, பூட்டு, கம்பியெல்லாம் எதுக்குடி? சிரிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா குடு" என்றாள். சனோபர் தனியாகவே பாத்திரம் கழுவிக்கொண்டு தன்னோடு வாதாடினாள். கைதி விழுங்கினானே ஒரு மீன், அது அவன் அறையின் சாவியா, இல்லை அடுத்த அறையின் சாவியா? ஒரு தட்டு அதற்காக உடைந்தும் போனது.

அப்போதுதான் ஹுல்கருக்கு, கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, மகன் பிறந்தான். தோழிகள் மூவரும் மாதம் ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். அந்த மாதம் ஹுல்கரின் முறை தள்ளிப்போனது. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நாற்பது நாள் சில்லா. வெளியே போகக் கூடாது, வெளியாட்கள் அறைக்குள் வரக் கூடாது, பொழுது சாய்ந்தபின் வாசலை எந்தப் பொருளும் தாண்டக் கூடாது. போதாக்குறைக்கு அவள் மாமியார் ஸலோமத், பால் வற்றிவிடும் என்று போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்.

ஸலோமத் ஓய்வு பெறும்வரை நெசவுப் பள்ளி மாணவிகளின் விடுதிக் காப்பாளராக இருந்தவர். அவர் காலத்தில் அந்த விடுதிக்குள் ஆண் பூனைகூட நுழைந்ததில்லை என்பார்கள். சாவிக்கொத்து இன்னும் இடுப்பில்தான் இருக்கும். இப்போது அதில் தொங்குவது சர்க்கரை அலமாரிச் சாவியும் போன் பெட்டிச் சாவியும்.

ரொபியா ஜன்னல் வழியாகக் கேட்டுச் சேதி கொண்டுவந்தாள். "சுவத்தப் பாத்துப் பாத்துப் பைத்தியம் புடிக்குதாம். படிக்க எதையாவது குடுத்தனுப்பச் சொன்னா. மருந்துச் சீட்டா இருந்தாக்கூடப் பரவாயில்லயாம்."

சனோபரின் கையில் கத்தரி அந்தரத்தில் நின்றது. நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து, "என்னாச்சு, அதிகமா வெட்டிட்டியா?" என்றார்.

"இல்ல அக்கா. ஒரு ஆளு கெடச்சாச்சு."

மறுநாள் காலை அடுப்பில் ரொட்டி சுட்டாள். மாவு ஒட்டாமல் இருக்கப் புத்தகத்தை வெளுத்த வெள்ளைத் துணியில் சுற்றினாள். கீழே ஒரு ரொட்டி, நடுவில் புத்தகம், மேலே ஒரு ரொட்டி. அதன்மேல் அல்வாக் கிண்ணம். மொத்தத்தையும் ஒரு பூப்போட்ட துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனாள். ஸலோமத் கிண்ணத்தை எடுப்பார், ரொட்டியை அப்படியே மருமகளுக்குக் கொடுப்பார் என்பது அவள் கணக்கு.

ஸலோமத் வாசலிலேயே முடிச்சை அவிழ்த்தார். விடுதிக்கு வந்த பொட்டலங்களை அவிழ்த்த கை அது. மேல் ரொட்டியைத் தூக்கினார். வெள்ளைத் துணிக்குள் சதுரமாக இருந்ததைத் தடவிப் பார்த்தார்.

ஆனால் ஸலோமத்தின் முகம் கனிந்தது. இரண்டு ரொட்டிக்கு நடுவில், சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றி, பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஒருத்தி புத்தகம் கொண்டுவந்தால் அது பிரார்த்தனைப் புத்தகத்தைத் தவிர வேறென்ன புத்தகமாக இருக்கும்? எடுத்து உதட்டிலும் நெற்றியிலும் ஒற்றிக்கொண்டார்.

"நான் இன்னும் கைகால் கழுவி உளு செய்யல மகளே, இந்தக் கையோட பிரிக்க மாட்டேன். அப்படியே பிள்ளை தலைமாட்டுல வெச்சிடறேன்."

"பெரியம்மா, அது வந்து..."

"பேசாதே. உன்னய நான் தப்பா நெனச்சிருந்தேன். கத்தரியும் கையுமா வாயடிச்சுக்கிட்டுத் திரியறவள்னு ஹுல்கர்கிட்டயே சொல்லியிருக்கேன். மன்னிச்சிடு. துவாப் புத்தகம் கொண்டுவரணும்னு என் சொந்த மகளுக்குத் தோணலயே!"

வாடிக்கையாளர் காது வலிக்கப் பேசுகிற சனோபர் அன்று பூப்போட்ட துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினாள். தொட்டிலின் தலைமாட்டில், கண்ணேறு படாமலிருக்க வழக்கமாக வைக்கிற ரொட்டித்துண்டுக்கும் கத்திக்கும் பக்கத்தில், சிறைக் கதை போய் உட்கார்ந்துகொண்டது.

அக்ரம் கேட்டுவிட்டுத் தரையில் உருண்டான். "பிள்ளை வளந்து திருடனாப் போனா உன்னயத்தான் கேப்பாங்க!"

"சிரிக்காதீங்க. உண்மையச் சொன்னா அந்தம்மா என்னய அந்தத் தெருவுக்கே வரவிடமாட்டாங்க. சொல்லலேன்னா புத்தகம் தொட்டில விட்டு வராது. ஹுல்கரும் தொடமாட்டா. அது ஒண்ணுதான இருக்கு!"

விவகாரம் அதோடு நிற்கவில்லை. அதுவரை வீட்டையே கூட்டிக் கத்திக்கொண்டிருந்த பிள்ளை அந்த வாரம் நன்றாகத் தூங்க ஆரம்பித்தது. தெருவில் பேச்சு பரவியது. முடி வெட்ட வந்த ஒரு பெண் துணியைக் கட்டியதும் குரலைத் தாழ்த்தி, "சனோபர், அந்தத் துவாப் புத்தகம் என் பேரனுக்கும் கெடைக்குமா? ராத்திரியெல்லாம் அழறான்" என்றாள். இத்தனை வருடம் அவள் துரத்தித் துரத்திக் கொடுத்த புத்தகம். வாங்கிய கையோடு அலமாரிமேல் எறிந்தவளே இப்போது அதைக் கேட்கிறாள். சனோபர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவள் முன்மயிரைக் கோணலாக வெட்டிவிட்டாள்.

அன்று மாலையே கடையைச் சாத்தினாள். பொய்யாகக் கிடைத்த மரியாதை கல்லாக உறுத்தியது. புத்தகம் போனாலும் போகட்டும், சொல்லிவிடுவோம் என்று கிளம்பினாள். வெயில் இன்னும் சுவர்மேல் இருந்தது. ஸலோமத் வீட்டு வெளிக்கதவு ஒருக்களித்திருந்தது. கூப்பிட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளே ஹுல்கரின் குரல். நிறுத்தி நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "'...அதிகாரி தொட்டிக்குள் கையை விட்டார். ஏழாம் அறையின் மீன் மட்டும் காணவில்லை...'"

"நில்லு, நில்லு." இது ஸலோமத்தின் குரல். "அந்தப் பய முழுங்கிட்டான். நான் அப்பவே சொன்னேன்ல? சாப்பாட்டு நேரத்துல அவன் முழியே சரியில்ல."

"அம்மா, அவன் பசியில முழுங்கியிருக்கலாம்ல?"

"பசியா? என் விடுதில மூணாம் மாடியில ஒருத்தி இப்படித்தான், மொட்டமாடிச் சாவிய மாவுக்குள்ள ஒளிச்சு வெச்சா. கேட்டா ரொட்டி சுடப் போனேன்னா. மேல படி."

சனோபர் கதவில் சாய்ந்ததில் கதவு கிறீச்சிட்டது. ஸலோமத் எழுந்து வந்தார். சாவிக்கொத்து குலுங்கியது. இடுப்பில் கைவைத்து நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா? வாசலுக்கு வெளியவே நில்லு. நாப்பது முடியல இன்னும்."

"பெரியம்மா, அது துவாப் புத்தகம் இல்ல. அதச் சொல்லத்தான்..."

"நான் என்ன முட்டாளா? மறுநாளே உளு செஞ்சு உக்காந்து பிரிச்சேன். பயபக்தியோட பிரிச்சா, ஒரு ஆளு சுவத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கான்!"

"ஐயோ."

"ஐயோதான். ரொட்டி அடுப்புல போடத் தூக்கிட்டேன். நடுவுல வெச்சு, ரெண்டு பக்கமும் ரொட்டி வெச்சு, என்னய நெத்தியில ஒத்திக்க வெச்சியேடி பாவி!"

"நான் வெக்கல பெரியம்மா. நீங்களாத்தான்..."

"பேசாதே. அடுப்புல போடறதுக்கு முன்னால, என்ன கண்றாவின்னு தெரிஞ்சாத்தான உன்னய ஒழுங்காத் திட்ட முடியும்? ஒரு பக்கம் பாத்தேன். அந்த அதிகாரி, பாவம், ஒத்த ஆளா அத்தன கதவுக்கும் சாவி பாக்கறாரு. ஒதவிக்கு ஒருத்தன் கெடையாது. கண்ணு எரியற வரைக்கும் படிச்சேன். அப்புறம் இவளப் படிக்கச் சொன்னேன். இவ படிச்சா பிள்ளை தூங்கிடறான். அவன் தூங்கறது புத்தகத்துனால இல்ல, இவ குரலாலதான். ஊர்ல கேட்டா அப்படியே சொல்லு."

உள்ளேயிருந்து ஹுல்கர் கத்தினாள். "சனோபர்! அந்த ஜன்னல்ல நேத்து பாத்த பொண்ணு அவன் பொண்டாட்டியாடி?"

சனோபர் படிவரை ஓடி வந்தாள். எத்தனை வருடம் காத்திருந்த கேள்வி! "அது வந்து ஹுல்கர், கடைசியில..."

ஸலோமத் வாசற்படியில் குறுக்கே வந்து நின்றார். "முடிவ மட்டும் சொன்னே, இந்த வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்க விடமாட்டேன். நாங்க இன்னும் பாதியிலதான் இருக்கோம்."

"சரி, முடிவச் சொல்லல. ஆனா நீங்க அதிகாரி பக்கம் பேசறது அநியாயம் பெரியம்மா. கைதி என்ன தப்பு பண்ணான்னே யாருக்கும் தெரியாது."

"மொதப் பக்கம் எங்க?"

"விதைப் பொட்டலத்துல போயிடுச்சு."

"அதச் சொல்லு! அதுலதான் அவன் பண்ண குத்தம் எழுதியிருக்கும். அது தெரியாம ஊரே அவனுக்கு அழறீங்க."

"மொதப் பக்கத்துலயும் எழுதியிருக்காது!"

"நீ பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

சுவர்மேலிருந்த வெயில் இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்தபின் வாசலில் நின்று பேசவும் கூடாது என்று நினைவு வந்து ஸலோமத் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரு குரல் வந்தது. "அவன் மேல எனக்கு மொதல்லருந்தே நம்பிக்கை இல்ல!"

சனோபர் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். ஆனால் அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. முடிவைப் படித்தபின் அவர்கள் என்ன சொல்வார்கள்? பிடிக்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டால்? பாதிவரை வந்தவர்கள் முன்பும் உண்டு. பாதிக்குமேல் வந்தவர்கள்தான் இல்லை.

சில்லா முடிகிற நாளில் பிள்ளையை முதன்முதலாக யார் வீட்டுக்குத் தூக்கிப்போகிறார்களோ, அந்த வீட்டுக்கு அது பெரிய கௌரவம். ஸலோமத்தின் மகள் தன் வீட்டில் விருந்து ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். ஆனால் காலையில் சனோபர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது மூன்று பேர் தெருவில் வந்தார்கள். ஸலோமத் முன்னால், பிள்ளையோடு ஹுல்கர் பின்னால். நடுவில் ரொபியா, இரண்டு பேருடைய பைகளையும் சுமந்துகொண்டு.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? மாவு எடுத்துட்டு வா" என்றார் ஸலோமத்.

சனோபர் ஓடிப்போய் மாவுக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். அவசரத்தில், வாழ்த்தாகப் பிள்ளையின் நெற்றியில் வைக்க வேண்டிய மாவு மூக்கிலும் விழுந்தது. பிள்ளை தும்மியது. எல்லோரும் வாழ்த்தினார்கள். தரையில் துணி விரித்து ரொட்டியும் உலர்திராட்சையும் தேநீரும் வைத்தாள். யாரும் ரொட்டியைப் பிட்டுக்கூட முடிக்கவில்லை. ஸலோமத் கோப்பையை விரிப்பில் டக்கென்று வைத்தார்.

"முடிச்சிட்டோம்."

சனோபர் தேநீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

"கடைசிப் பக்கத்துல அந்தக் கைதி பூவாளிய எடுத்துக்கிட்டு அவனே சுவத்துக்குத் தண்ணி ஊத்தப் போறானே, அதப் படிச்சதும் நான் எந்திரிச்சு நின்னுட்டேன். இப்பத்தான் அவனுக்குப் பொறுப்பு வந்திருக்கு!"

"பொறுப்பா?" ஹுல்கர் பிள்ளையை மடியில் மாற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "அம்மா, அவன் தோத்துட்டான். சுவரு அவன வேலைக்காரனா ஆக்கிடுச்சு!"

"ஐயையோ, சொல்லாதீங்க!" ரொபியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "நான் இன்னும் படிக்கல!"

"நீ கண்ணுல தண்ணி விட்டியேடி!" என்றாள் சனோபர்.

"அது வெங்காயம் நறுக்கினப்போ வந்தது. இப்பச் சொல்றேன், உண்மையிலயே படிக்கிறேன், எனக்குக் குடுங்க."

"உனக்கு எங்க குடுக்கறது?" என்றார் ஸலோமத். "என்கூட விடுதில வேல பாத்தவங்க நாலு பேரு கேட்டிருக்காங்க. நாங்க வியாழக்கிழம கூடறோம். அவங்களுக்கு அப்புறந்தான் நீ. சனோபர், நீ ஏற்கெனவே படிச்சவதான, உனக்கு அவசரம் இல்ல."

"அது என் புத்தகம் பெரியம்மா!"

"விதைக்காரனோட புத்தகம்" என்றார் ஸலோமத் அசையாமல். "நீ விதைதான வாங்கினே?"

ஹுல்கர் சிரித்ததில் பிள்ளை விழித்துக்கொண்டது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னாள். "நாப்பது நாளும் என்னய அடைச்சு வெச்சிருக்காங்கன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்டி. அந்தக் கடைசிப் பக்கம் படிக்கிறப்பத்தான் பாத்தேன். அம்மாவும் நாப்பது நாளா வாசலத் தாண்டல."

ஸலோமத் தலைக்குட்டையைச் சரிசெய்துகொண்டார். "அப்புறம்? காவல் காக்கறவ ஊர் சுத்தப் போவாளா? அந்த அதிகாரி எங்கயாவது போனாரா? ஒரு நாளு லீவு எடுத்தாரா? அதப்பத்தி ஒருத்தியும் பேசமாட்டீங்க."

"அவருக்குப் போறதுக்கு வேற எடமே இல்லம்மா, அதனாலதான் போகல" என்றாள் ஹுல்கர்.

"இருந்துச்சு. மூணாவது அத்தியாயத்துல தங்கச்சி வீடு வருதே!"

"தங்கச்சியா? அது அவர் கனவுல!"

"கனவுன்னு எங்க போட்டிருக்கு? காட்டு."

"தங்கச்சி யாரு?" என்று ரொபியா காதிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுத்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மகள் வீட்டு விருந்தை யாரும் நினைத்ததாகவே தெரியவில்லை. சனோபர் எத்தனையோ வருடமாகத் தட்டு உடைய உடைய யோசித்துவைத்த அந்த மீன் விஷயத்தைச் சொல்லலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு என்ன தோணுதுன்னா..."

"கொஞ்சம் இருடி" என்றார் ஸலோமத். "நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல."